கையெழுத்துப் போடும் முன்னே

தில்லியில் யமுனை ஆற்றுக்குக் கிழக்கே திரிலோக்புரி இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. ஆண்கள் கூலி வேலைக்குப் போகிறார்கள். பெண்கள் பக்கத்தில் உள்ள மயூர் விகாருக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்கள்.

இந்தப் பாடத்தில் வரும் பெண்ணும் அப்படிப்பட்டவள்தான். அவளைச் செல்வி என்று வைத்துக் கொள்வோம். செல்வி கதைக்காக வந்தவள். ஆனால் இதில் சொல்லும் சட்டமும் தீர்ப்புகளும் உண்மையானவை.

பத்திரம் வந்தது

செல்விக்கு விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். கல்யாணம் ஆகிப் பத்து வருடம் ஆகிறது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

கணவனுக்குக் கட்டட வேலை. குடித்துவிட்டு வந்தால் அடிப்பான். மூன்று வருடத்துக்கு முன்பு வேலைக்கு என்று குருகிராம் போனான். முதலில் இரண்டு மாதம் பணம் அனுப்பினான். பிறகு நிறுத்திவிட்டான். அங்கே வேறு ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துவதாகப் பேச்சு வந்தது. செல்வி நேரில் போய்ப் பார்த்தாள். பேச்சு உண்மைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனின் அண்ணன் வந்தார். கையில் ஒரு ஸ்டாம்பு பேப்பர் இருந்தது.

“செல்வி, ஊரில் பெரியவங்க கூடிப் பேசிட்டாங்க. இனிமேல் ஒத்து வராது. தீர்த்து விட்டுடலாம்னு முடிவு. இதில் ஒரு கைநாட்டு வைம்மா. உனக்கும் நிம்மதி, அவனுக்கும் நிம்மதி” என்றார்.

“மாமா, இதில் என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டாள் செல்வி.

“எல்லாம் வழக்கமா எழுதுறதுதான். நீ வைம்மா.”

செல்வி பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனால் ஒரு வருடமாக மாலை வகுப்புக்குப் போகிறாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். பத்திரத்தை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் படித்தாள். நேரம் ஆயிற்று. மாமா பொறுமை இழந்தார். அவள் விடவில்லை.

அதில் நான்கு விஷயங்கள் இருந்தன.

இன்று முதல் இருவரும் கணவன் மனைவி அல்ல.
மனைவி ஜீவனாம்சம் கேட்கமாட்டாள்.
கல்யாணத்தில் போட்ட நகைகளைத் திருப்பிக் கேட்கமாட்டாள்.
கணவன் வேறு கல்யாணம் செய்துகொள்ள மனைவிக்கு ஆட்சேபணை இல்லை.

“மாமா, நான் விசாரிச்சுட்டுச் சொல்றேன்” என்றாள் செல்வி. பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கைநாட்டும் வைக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

பத்திரத்தால் கல்யாணம் முடியுமா?

முடியாது.

இந்துக்களின் கல்யாணம் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருகிறது. பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கும் அதே சட்டம்தான். இந்தச் சட்டப்படி கல்யாண உறவை முடிக்க நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். ஸ்டாம்பு பேப்பரில் எழுதினாலும் முடியாது. நோட்டரி முத்திரை குத்தினாலும் முடியாது. தாலியைக் கழற்றிக் கொடுத்தாலும் முடியாது. எத்தனை வருடம் பிரிந்து இருந்தாலும் தானாக முடியாது.

“எங்கள் சாதியில் தீர்த்து விடுகிற வழக்கம் உண்டு” என்று சிலர் சொல்வார்கள். பழைய வழக்கத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். 2002-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. நிரூபிக்க முடியாவிட்டால் அந்தப் பத்திரம் வெறும் தாள்தான்.

அந்தத் தாளை நம்பி ஒருவர் மறுமணம் செய்துகொண்டால் என்ன ஆகும்? முதல் கல்யாணம் இருக்கும்போது செய்யும் இரண்டாவது கல்யாணம் செல்லாது. அது குற்றமும் ஆகும். பாரதிய நியாய சன்ஹிதா என்னும் இன்றைய குற்றச் சட்டத்தில் 82-ஆம் பிரிவு இதற்கு உரியது. ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். இது ஆணுக்கும் உண்டு. பெண்ணுக்கும் உண்டு.

“கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை. அதனால் கல்யாணமே இல்லை” என்றும் சிலர் சொல்வார்கள். அதுவும் தவறு. முறைப்படி நடந்த கல்யாணம் பதிவு செய்யாவிட்டாலும் செல்லும்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது?

முன்பு இந்துக்களின் பொதுச் சட்டத்தில் விவாகரத்து இல்லை. சில சாதிகளில் மட்டும் வழக்கமாக இருந்தது. ஆண் பல கல்யாணம் செய்யலாம். பெண்ணுக்கு வழி இல்லை. சென்னை மாகாணத்தில் 1949-இல் ஒரு சட்டம் வந்தது. அது இருதார மணத்தைத் தடுத்தது. விவாகரத்துக்கும் வழி செய்தது.

நாடு முழுவதற்கும் இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று அம்பேத்கர் பாடுபட்டார். அவர் அப்போது சட்ட அமைச்சர். மசோதாவுக்குப் பெரிய எதிர்ப்பு இருந்தது. அது நிறைவேறாமல் நின்றதால் 1951-இல் பதவி விலகினார். பிறகு 1955 மே 18-இல் இந்து திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்திலும் தொடக்கத்தில் கொடுமைக்கு விவாகரத்து கிடைக்கவில்லை. பிரிந்து வாழ அனுமதி மட்டுமே கிடைத்தது. 1976-இல் சட்டம் திருத்தப்பட்டது. கொடுமையும் கைவிடுதலும் விவாகரத்துக்குக் காரணங்கள் ஆயின. இருவரும் ஒத்துக்கொண்டு பிரியும் வழியும் அப்போதுதான் வந்தது.

சட்டம் ஏற்கும் காரணங்கள்

விவாகரத்து கேட்பவர் காரணம் சொல்ல வேண்டும். அதைச் சாட்சியோடு காட்ட வேண்டும். கீழே உள்ள காரணங்களைக் கணவனும் சொல்லலாம். மனைவியும் சொல்லலாம்.

1. வேறு ஒருவரோடு உடலுறவு. கல்யாணத்துக்குப் பிறகு, விருப்பத்தோடு வைத்துக்கொண்ட உறவாக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட உறவு குற்றம் அல்ல என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதனால் இதற்கு ஜெயில் இல்லை. ஆனால் விவாகரத்துக்கு இது இன்றும் காரணம்தான்.

2. கொடுமை. அடிப்பது மட்டும் கொடுமை அல்ல. மனத்தை வதைப்பதும் கொடுமைதான். மனைவியின் நடத்தை கெட்டது என்று பொய்ப் பழி சுமத்துவது கொடுமை என 2003-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் எல்லாக் குடும்பத்திலும் வரும் சின்னச் சண்டை கொடுமை ஆகாது. இதை 2007-இல் அதே நீதிமன்றம் விளக்கியது.

3. கைவிடுதல். தக்க காரணம் இல்லாமல், மற்றவர் சம்மதம் இல்லாமல் விட்டுப் போயிருக்க வேண்டும். மனுப் போடும் நாளுக்கு முன் இரண்டு வருடம் தொடர்ச்சியாக அப்படி இருக்க வேண்டும். பிழைப்புக்காக வெளியூர் போவது கைவிடுதல் ஆகாது. இனி சேர்ந்து வாழ்வதில்லை என்ற எண்ணமும் இருக்க வேண்டும். அடித்து விரட்டியதால் மனைவி வெளியேறினால் கைவிட்டவள் அவள் அல்ல. விரட்டியவனே கைவிட்டவன்.

4. மதம் மாறுதல். ஒருவர் வேறு மதத்துக்கு மாறினால் மற்றவர் விவாகரத்து கேட்கலாம். மாறியவுடன் கல்யாணம் தானாக முடியாது. இந்து ஆண் ஒருவர் மதம் மாறி இரண்டாம் கல்யாணம் செய்தால் அது செல்லாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

5. மனநோய். சேர்ந்து வாழவே முடியாத அளவுக்குக் கடுமையாக இருக்க வேண்டும். நோயின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. 1988-இல் உச்ச நீதிமன்றம் இப்படிச் சொன்னது.

6. தொற்றக்கூடிய பால்வினை நோய்.

7. உலக வாழ்வை விட்டுத் துறவு கொள்ளுதல்.

8. ஏழு வருடம் உயிரோடு இருக்கும் செய்தியே இல்லாமல் போதல்.

முன்பு தொழுநோயும் இந்தப் பட்டியலில் இருந்தது. தொழுநோய் குணமாகும் நோய். 2019-இல் சட்டத்தைத் திருத்தி அதை நீக்கிவிட்டார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. நீதிமன்றம் இருவரும் பிரிந்து வாழலாம் என்று தீர்ப்புத் தந்திருக்கலாம். அதன் பிறகு ஒரு வருடம் சேர்ந்து வாழாவிட்டால் விவாகரத்து கேட்கலாம்.

குழந்தை இல்லை, பெண் குழந்தைதான் பிறந்தது, சீர் போதவில்லை, நிறம் கறுப்பு என்பவை காரணங்கள் ஆகா. யாராவது அப்படிச் சொல்லி மிரட்டினால் பயப்பட வேண்டாம்.

மனைவிக்கு மட்டும் உள்ள காரணங்கள்

சில காரணங்களை மனைவி மட்டுமே சொல்லலாம்.

கணவன் வன்புணர்ச்சி போன்ற கொடிய பாலியல் குற்றம் செய்திருந்தால் கேட்கலாம்.

மனைவிக்கு ஜீவனாம்சம் தர நீதிமன்றம் உத்தரவு போட்டு, அதன் பிறகு ஒரு வருடம் இருவரும் சேர்ந்து வாழாவிட்டால் கேட்கலாம்.

பதினைந்து வயதுக்கு முன் கல்யாணம் செய்து வைக்கப்பட்ட பெண், பதினைந்துக்கு மேல் பதினெட்டுக்குள் அதை மறுத்திருந்தால் கேட்கலாம்.

இருவரும் ஒத்துக்கொண்டால்

சண்டை இல்லாமல் பிரிய இருவரும் விரும்பினால் சேர்ந்து மனுப் போடலாம். அதற்கு முன் ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மனம் மாறுமா என்று பார்க்கவே இந்த ஆறு மாதம். இனிச் சேர வழியே இல்லை என்றால் இந்தக் காலத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தீர்ப்பு வரும் வரை இருவரின் சம்மதமும் இருக்க வேண்டும். மிரட்டி வாங்கிய சம்மதம் சம்மதம் ஆகாது. நகை, பணம், குழந்தை பற்றிய பேச்சை மனுவிலேயே தெளிவாக எழுதிக்கொள்வது நல்லது.

“உறவு முறிந்து போயிற்று” என்ற ஒரே காரணத்துக்காக விவாகரத்து தருமாறு கீழ் நீதிமன்றத்தில் கேட்க முடியாது. உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் அந்தத் தனி அதிகாரம் உண்டு. 2023 மே மாதத்தில் ஐந்து நீதிபதிகள் இதை உறுதி செய்தார்கள்.

மற்ற மதத்தவர்

கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் இருக்கிறது. முன்பு அதில் ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி இருந்தது. 2001-இல் திருத்தி, காரணங்களைப் பெண்ணுக்கும் விரிவாக்கினார்கள். ஒத்துக்கொண்டு பிரியும் வழியும் சேர்ந்தது.

முஸ்லிம் பெண்கள் 1939-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் போகலாம். கணவனைப் பற்றி நான்கு வருடம் தகவல் இல்லை, இரண்டு வருடம் பராமரிக்கவில்லை, கொடுமை செய்கிறான் என்பவை அதில் உள்ள காரணங்களில் சில. ஒரே மூச்சில் மூன்று முறை தலாக் சொல்வது செல்லாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இல் அதைக் குற்றமாக்கிச் சட்டமும் வந்தது.

பதிவுக் கல்யாணம் என்று 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவர்களுக்கு அந்தச் சட்டத்திலேயே விவாகரத்து வழி இருக்கிறது.

செல்வி எங்கே போனாள்?

மறுநாள் செல்வி பக்கத்து வீட்டு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். “வக்கீலுக்குக் கொடுக்க என்கிட்ட ஏதுக்கா பணம்? கல்யாணம் நடந்ததோ நம்ம ஊர்ல. கேஸுக்காக விழுப்புரம் போக முடியுமா?” என்று கேட்டாள்.

இரண்டு கவலைக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது.

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும் இலவச வக்கீல் உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்க்கமாட்டார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

2003-இல் செய்த திருத்தப்படி மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். கல்யாணம் எங்கே நடந்திருந்தாலும் சரி. ஆகவே செல்வி விழுப்புரம் போக வேண்டியதில்லை. கர்கர்டூமா நீதிமன்றம் போதும். திரிலோக்புரியிலிருந்து மெட்ரோ ரயிலில் நேராகப் போகலாம்.

செல்வி ஒருநாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள். இந்தி நன்றாகப் பேசும் அக்காவின் மகளும் கூடப் போனாள். சட்ட உதவி அலுவலகத்தில் ஒரு பெண் வக்கீல் பொறுமையாகக் கேட்டார். பிறகு மூன்று வழிகளைச் சொன்னார்.

முதல் வழி: விவாகரத்து இல்லாமலே உனக்கும் குழந்தைக்கும் ஜீவனாம்சம் கேட்கலாம்.

இரண்டாவது வழி: கல்யாண உறவை வைத்துக்கொண்டு பிரிந்து வாழ மட்டும் தீர்ப்புக் கேட்கலாம்.

மூன்றாவது வழி: விவாகரத்து கேட்கலாம். மூன்று வருடமாகக் கைவிட்டிருக்கிறான். அடித்திருக்கிறான். வேறு பெண்ணோடு வாழ்கிறான். காரணங்கள் இருக்கின்றன.

“எது வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். யோசித்துச் சொல்லு” என்றார்.

செல்வி ஒரு வாரம் யோசித்தாள். ஊரில் அம்மா அழுதாள். “தாலியோட இருந்தா ஒரு மரியாதைடி” என்றாள். செல்வி சொன்னாள்: “அம்மா, தாலி என் கழுத்துலதான் இருக்கு. மரியாதை எங்க இருக்கு? அவர் ஒரு காகிதத்தை நீட்டி என்னைத் தீர்த்து விடப் பார்த்தார். நான் கோர்ட்டு வழியா முடிச்சுக்கிறேன். பிள்ளைக்கு உள்ளதையும் வாங்குறேன்.”

அவள் இரண்டு மனுக்கள் போட முடிவு செய்தாள். ஒன்று விவாகரத்துக்கு. மற்றது ஜீவனாம்சத்துக்கு.

என்ன என்ன வேண்டும்?

வக்கீல் கேட்டவற்றைச் செல்வி ஒரு பையில் சேர்த்தாள். கல்யாணப் பத்திரிகை, கல்யாண போட்டோ, ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, மகளின் பிறப்புச் சான்று, அடிபட்டபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு, போலீஸ் புகாரின் நகல். சாட்சி சொல்லப் பக்கத்து வீட்டு அக்கா ஒத்துக்கொண்டாள்.

மனு ஆங்கிலத்தில் இருந்தது. செல்வி உடனே கையெழுத்துப் போடவில்லை. “படித்துச் சொல்லுங்கள்” என்று கேட்டாள். வக்கீல் இந்தியில் சொன்னார். அக்காவின் மகள் தமிழில் சொன்னாள். கணவன் போன தேதி ஓர் இடத்தில் தவறாக இருந்தது. திருத்திய பிறகே செல்வி தன் பெயரை எழுதினாள்.

நீதிமன்றத்தில் என்ன நடக்கும்?

முதலில் கணவனுக்குச் சம்மன் போகும். அவன் வந்தால் குடும்ப நீதிமன்றம் இருவரையும் சமரசம் பேச வைக்கும். அங்கே “சேர்ந்து வாழ்” என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சம்மனைப் பெற்றும் வராவிட்டால் அவன் இல்லாமலே விசாரணை நடக்கலாம். அப்போதும் செல்வி தன் பக்கத்தை நிரூபிக்க வேண்டும்.

விசாரணை எல்லாரும் பார்க்க நடக்காது. கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார்கள். வீட்டு விஷயம் சந்திக்கு வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம்.

வழக்கு நடக்கும்போதே செலவுக்குப் பணம் கேட்கலாம். இதை இடைக்கால ஜீவனாம்சம் என்பார்கள். விவாகரத்துக்குப் பிறகும், மறுமணம் செய்யாத வரை, ஜீவனாம்சம் கேட்கும் உரிமை உண்டு. குழந்தை யாரிடம் இருப்பது என்பதைக் குழந்தையின் நலத்தைப் பார்த்து நீதிபதி முடிவு செய்வார். பெண்ணுக்குக் கல்யாணத்தில் வந்த நகையும் பாத்திரமும் அவளுடைய சொத்து. 1985-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது.

கல்யாணம் ஆகி ஒரு வருடத்துக்குள் பொதுவாக விவாகரத்து மனுப் போட முடியாது. தீர்ப்பு வந்த உடனே மறுமணம் செய்யவும் கூடாது. மேல்முறையீட்டுக்கு உரிய கெடு முடிய வேண்டும்.

வீட்டில் அடி, உயிருக்கு ஆபத்து என்றால் விவாகரத்து வரை காத்திருக்க வேண்டாம். 112 அல்லது 181 எண்ணுக்குப் போன் செய்யலாம். குடும்ப வன்முறையைத் தடுக்க 2005-ஆம் ஆண்டின் சட்டம் தனியாக இருக்கிறது. குடியிருக்கும் வீட்டிலிருந்து விரட்டாமல் காக்கும்படி அதில் கேட்கலாம்.

வழக்கு சீக்கிரம் முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வாய்தா மேல் வாய்தா வரும். வேலைக்கு லீவு போட வேண்டும். செல்விக்கும் அப்படித்தான். இரண்டாவது சம்மனுக்குப் பிறகுதான் கணவன் வந்தான். வழக்கு இன்னும் நடக்கிறது.

செல்வியின் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. அடுத்த வாய்தா தேதியில் ஒரு வட்டம் போட்டிருக்கிறாள். பக்கத்தில் “கோர்ட்டு, காலை 10 மணி” என்று அவளே எழுதியிருக்கிறாள்.

நினைவில் வைப்போம்

படிக்காமல் எந்தத் தாளிலும் கைநாட்டோ கையெழுத்தோ வைக்காதீர்கள்.
விவாகரத்தை நீதிமன்றம்தான் தரும்.
பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். எண் 15100.
ஒவ்வொரு தாளுக்கும் நகல் எடுத்து வையுங்கள்.

சொல்லும் பொருளும்

மனு: நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்கும் கோரிக்கை
சம்மன்: நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் கடிதம்
வாய்தா: வழக்கு விசாரிக்கும் நாள்
ஜீவனாம்சம்: வாழ்க்கைச் செலவுக்குத் தரும் பணம்

கூடிப் பேசுவோம்

1. பத்திரத்தில் இருந்த நான்கு விஷயங்கள் யாவை? அவற்றால் யாருக்கு லாபம்?
2. கணவன் வேலைக்காகத் துபாய் போய் மாதா மாதம் பணம் அனுப்புகிறான். இது கைவிடுதல் ஆகுமா? ஏன்?
3. செல்வியின் அம்மா சொன்னதும் செல்வி சொன்னதும் உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

எழுதிப் பார்ப்போம்

உங்கள் பெயர், முகவரி, கல்யாணம் நடந்த ஊர், கல்யாணத் தேதி ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். எந்த மனுவிலும் முதலில் கேட்பவை இவையே.